மனவளர்ச்சியில் ஆப்பிரிக்க ஆன்மிகத்துக்கு என்ன பங்கு?

பெரிய பங்குதான், ஆனால் ஆப்பிரிக்கா முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்ட முடியாது என்பதால் கேமரூனின் ன்சோ மக்களை மட்டும் சொல்கிறேன். அந்நாட்டு உளவியலாளர் பாமே ன்சமெனாங் 1992இல் வெளிவந்த நூலில் மனித வளர்ச்சியை அவர்கள் கண்ணோட்டத்திலிருந்து விளக்கினார். கருவிலிருந்து பெயர் சூட்டும் வரை ஆன்ம நிலை, அப்புறம் சாவு வரை சமூக நிலை, செத்தபின் மூதாதையர் நிலை. பெயர் வைக்கும் வரை குழந்தை இன்னும் ஆவியுலகத்துக்குச் சொந்தம், அதன்பிறகு தம்பி தங்கையைத் தூக்கிப் பார்த்துக்கொள்வது, ஏவிய வேலைக்கு ஓடுவது என்று பொறுப்பு கூடக் கூடத்தான் முழு மனிதராகிறது. சுவிஸ் உளவியலாளர் பியாஜே குழந்தையின் சிந்தனை எப்படி முதிர்கிறது என்று பார்த்தார், இங்கே அளவுகோல் உறவும் பொறுப்பும். முதுமையும் தேய்வு இல்லை, மூதாதையருக்கு மிக நெருங்கிய, மதிப்பு மிகுந்த கட்டம். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.