ஒரு நாட்டின் நிலம் கடலில் மூழ்கிவிட்டால் அந்த நாடு நாடாக நீடிக்குமா?

நீடிக்கும் என்பதே இன்று வலுப்பெற்றுவரும் நிலைப்பாடு. 1933-ஆம் ஆண்டின் மொண்டெவிடியோ உடன்படிக்கை, நிலையான மக்கள்தொகை, வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளுடன் உறவுகொள்ளும் திறன் ஆகிய நான்கையும் ஒரு அரசின் தகுதிகளாகச் சொன்னது. ஆனால் அது அரசு உருவாவதற்கான அளவுகோல். இருக்கும் அரசு எப்போது மறையும் என்று அதில் சொல்லப்படவில்லை.

பசிபிக் தீவு நாடான துவாலுவைப் பாருங்கள். நிலம் 26 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அதைச் சுற்றி அதன் பொருளாதார உரிமைக்குட்பட்ட கடல் ஏழு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். சூரை மீன்பிடி உரிமக் கட்டணம் அந்நாட்டின் முக்கிய வருமானம். கரை மறைந்தால் கடலும் கைவிட்டுப்போகுமோ என்ற அச்சம் அதனால்தான். 2023-இல் துவாலு தன் அரசியலமைப்பைத் திருத்தி, காலநிலை மாற்றத்தால் நிலம் இழந்தாலும் தன் அரசுத்தன்மை என்றென்றும் தொடரும் என்று எழுதிக்கொண்டது. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றமும், உருவான அரசு தன் கூறுகளில் ஒன்றை இழந்தால் அரசுத்தன்மையையும் இழந்தே தீரும் என்றில்லை என்று ஆலோசனைக் கருத்து வழங்கியது. துவாலு மக்களுக்கு இது பெரிய துணை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. ஆஸ்திரேலியாவுடனான பலேபிலி ஒப்பந்தம் ஆண்டுக்கு 280 பேர்வரை அங்கே குடியேற வழிசெய்கிறது. துவாலுவின் அரசுத்தன்மை தொடரும் என்றும் ஏற்கிறது. பதிலுக்கு, துவாலு வேறு நாடுகளுடன் பாதுகாப்பு ஏற்பாடு செய்ய ஆஸ்திரேலியாவின் உடன்பாடு வேண்டும். நிலத்தைக் கடல் விழுங்கும் முன்பே, முடிவெடுக்கும் உரிமையில் ஒரு பங்கு இப்படிக் கைமாறிவிட்டது.