நட்பு நாடுகள் இத்தனை சொல்லியும் உக்ரைன் நிதியை அமெரிக்க நாடாளுமன்றம் ஏன் ஆறு மாதம் நிறுத்தி வைத்தது?

கேள்விக்குக் கீழே நீங்கள் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: கூட்டாளி என்று சொல்லிக்கொள்கிற நாடுகளின் பேச்சுக்கு அவ்வளவுதான் மரியாதையா என்று. நான் வியாசர்பாடியில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். ரஷ்யா உக்ரைன் மேல் தொடுத்த போருக்கு முன்னால் இந்தியாவுக்கு வந்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்து வந்தது. 2022 மார்ச்சில் லிட்டர் பாக்கெட் 200 ரூபாயை நெருங்கியபோது, தினமும் வாங்குகிற அம்மாக்கள் கால் லிட்டர், நூறு மில்லி என்று கேட்க ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து அந்தப் போர் பற்றி வருகிற செய்தி எதையும் நான் விட்டதில்லை.

என் பதில் இதுதான். கூட்டாளிகளின் பேச்சுக்கு மரியாதை இருக்கிறது. ஆனால் அங்கே அவர்களுக்கு ஓட்டு இல்லை. பணத்தை ஒதுக்குகிறவர், தனக்கு ஓட்டுப் போட்டவருக்குத்தான் முதலில் பதில் சொல்லியாக வேண்டும்.

சட்டம் போட்டு ஒதுக்காமல் கருவூலத்திலிருந்து ஒரு காசும் எடுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அதிபர் யாருக்கு வேண்டுமானாலும் வாக்குக் கொடுக்கலாம், பணம் கொடுப்பது நாடாளுமன்றம். நமக்கு இது சட்டென்று பிடிபடாது. ஏனென்றால் இங்கே மக்களவையில் பெரும்பான்மை வைத்திருப்பவர்தான் பிரதமர். கொறடா சொன்னதை மீறி ஓட்டுப் போட்டால் கட்சித்தாவல் சட்டத்தில் எம்.பி. பதவியே போய்விடும். பட்ஜெட் தோற்றால் அரசே கவிழும். அங்கே அதிபர் ஒரு கட்சி, கீழவை இன்னொரு கட்சி என்று இருப்பது சாதாரணம். கீழவை உறுப்பினர் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை தேர்தலில் நிற்க வேண்டும். அதற்கும் முன்னால் சொந்தக் கட்சிக்காரரோடு வேட்பாளர் தேர்தலில் மோத வேண்டும். தலைவர் சொன்னார் என்று அவர் கை தூக்க மாட்டார்.

அந்த நாட்களை வரிசையாகப் பாருங்கள். 2023 அக்டோபர் 1 அன்று அவர்களுக்குப் புது நிதியாண்டு. பட்ஜெட் முடியவில்லை. அரசு அலுவலகங்கள் மூடாமல் இருக்க, முந்தின நாள் 45 நாளுக்கு ஓர் இடைக்கால ஏற்பாடு செய்தார்கள். உக்ரைன் பணம் அதில் இல்லை. அதை விட்டுவிட்டும்கூட, அந்த மசோதாவைக் கொண்டுவந்த சபாநாயகர் கெவின் மெக்கார்த்தியை அக்டோபர் 3 அன்று அவருடைய குடியரசுக் கட்சிக்காரர்களே எட்டுப் பேர் அதிபர் பைடனின் ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து 216க்கு 210 என்று இறக்கிவிட்டார்கள். ஒரே ஓர் உறுப்பினர் நினைத்தாலும் சபாநாயகரை நீக்கத் தீர்மானம் கொண்டுவரலாம் என்று ஒரு விதி இருந்தது. பதவிக்கு வருவதற்காக அவரே ஒத்துக்கொண்ட விதி அது. அடுத்து வந்த மைக் ஜான்சன் அந்த விதியோடுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். அக்டோபர் 20 அன்று அதிபர் பைடன் சுமார் 106 பில்லியன் டாலர் கேட்டார். அதில் உக்ரைனுக்கு மட்டும் ஏறக்குறைய 61 பில்லியன். இஸ்ரேலுக்கான உதவியும் அதில் இருந்தது. ‘முதலில் நம் மெக்சிகோ எல்லையை மூடுங்கள், அப்புறம் அடுத்தவன் எல்லையைப் பார்க்கலாம்’ என்பதுதான் குடியரசுக் கட்சியில் கிளம்பிய குரல்.

சரி, அந்தக் குரல் எனக்குப் புரிந்த இடத்தைச் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. கேப்டன் காட்டன் கால்வாய் நிரம்பி எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். என் கடையில் அடிவரிசை அரிசி மூட்டைகள் ஊறி, உப்பி, தையல் பிரிந்து கிடந்தன. கை வைத்தால் உள்ளே சூடு தெரிந்தது. அந்தப் புளித்த வாடை பொங்கல் வரைக்கும் கடையை விட்டுப் போகவில்லை. எங்கள் வியாபாரிகள் சங்கத்தில் அப்போது நாற்பது கடைகள். நான் பொருளாளர். கையிருப்பு 80,000 ரூபாய்ச் சொச்சம். மழை விட்ட மூன்றாம் நாள், மின்சாரம் வராத ஒரு மாடியில் செல்போன் வெளிச்சத்தில் கூட்டம் போட்டோம். கால்வாயை ஒட்டிய அடுத்த தெருவின் சங்கத் தலைவர் லுங்கியை மடித்துக் கட்டியபடி வந்து நின்றார். தண்ணீரை இறைக்க இரண்டு டீசல் மோட்டார் வாடகைக்கு எடுக்க வேண்டும், 30,000 ரூபாய் கொடுத்து உதவுங்கள் என்றார். 2015 வெள்ளத்தில் மூன்று நாள் எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டது அவருடைய தெருதான். எங்கள் தலைவர் அந்த இடத்திலேயே “தர்றோம்ணே” என்று சொல்லிவிட்டார்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். “எங்க கடையே மெதக்குது. நம்ம தெரு முதல்ல காயட்டும்ணே, அப்பாலிக்கா பார்க்கலாம்” என்றார். அவர் நன்றி கெட்டவர் இல்லை. அன்று அவர் வீட்டில் பிள்ளையின் பத்தாம் வகுப்புப் புத்தகமெல்லாம் கூழாகக் கிடந்தது. அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் எழுந்தார்கள். தலைவர் வாக்குக் கொடுத்துவிட்டார், பணம் என் பையில் இருக்கிறது, கூட்டம் சம்மதிக்கவில்லை. வந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுத்த வாரம், டிசம்பர் 12, உக்ரைன் அதிபர் ஸெலென்ஸ்கி வாஷிங்டனில் வாசல் வாசலாக ஏறி இறங்கிய படங்களைச் செல்போனில் பார்த்தபோது எனக்கு அந்தப் படிக்கட்டுதான் கண்முன் வந்தது. அவர் ஜான்சனையும் நேரில் பார்த்தார். நாடாளுமன்றத்திடம் கேட்ட பணம் இல்லாமல் திரும்பினார்.

எங்கள் விஷயம் எப்படி மாறியது என்றால், டீக்கடைக்காரர் ஒருவர் ராத்திரி கண்விழித்துக் கவனித்ததால். பகலில் எங்கள் தெருவில் வடிகிற தண்ணீர் ராத்திரியில் மறுபடி நாலு விரல்கடை ஏறியது. அடுத்த தெருவில் தேங்கினதுதான் சாக்கடை வழியாக எங்கள் பக்கம் திரும்பி வந்துகொண்டிருந்தது. மறுபடி கூட்டம். 20,000 ரூபாய், அதுவும் இனாமாக இல்லை, கடனாக என்று முடிவாயிற்று. அப்போதும் பதினான்கு பேர் கை தூக்கவில்லை.

அமெரிக்காவிலும் இதைப் போலத்தான் நடந்தது என்று நினைக்கிறேன். 2024 பிப்ரவரி 13 அன்றே மேலவையான செனட் 95 பில்லியன் டாலர் உதவி மசோதாவை 70க்கு 29 என்று நிறைவேற்றிவிட்டது. ஆனால் கீழவையில் அதை ஓட்டெடுப்புக்கு எடுப்பதா வேண்டாமா என்பது சபாநாயகர் கையில். பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் டேவிட் கேமரூன் அமெரிக்க உறுப்பினர்களுக்காகவே ஒரு கட்டுரை எழுதினார், ஹிட்லர் காலத்தில் விட்டுக்கொடுத்ததை அதில் நினைவூட்டினார். அங்கே ஓர் உறுப்பினரிடமிருந்து அவருக்குக் கிடைத்தது வசவு. மார்ச்சில் போலந்தின் அதிபரும் பிரதமரும், உள்ளூரில் எதிரெதிர்க் கட்சிகள், ஒன்றாகவே வெள்ளை மாளிகைக்குப் போய்க் கேட்டார்கள். ஏப்ரலில் கேமரூன் வாஷிங்டனுக்கே வந்தார், ஜான்சன் அவரைச் சந்திக்கவில்லை. கேமரூன் பேசியதில் தப்பில்லை. ஆனால் அவர் பேச்சைக் கேட்டு ஜான்சன் இறங்கி வந்தால், லூசியானாவில் ஜான்சனுக்கு ஓட்டுப் போடுகிறவர் “உனக்குச் சம்பளம் கொடுப்பது லண்டனா?” என்று கேட்பார். வெளியிலிருந்து வருகிற அழுத்தம் உள்ளே இருப்பவரின் கையைக் கட்டிப்போடுவதும் உண்டு.

கடைசியில் ஏப்ரல் 20 அன்று கீழவையில் 311க்கு 112 என்று நிறைவேறியது. பைடன் கேட்டு சரியாக ஆறு மாதம். அந்த 112 பேரும் ஜான்சனின் சொந்தக் கட்சிக்காரர்கள், ஆதரித்த அவர் கட்சிக்காரர்கள் 101 பேர்தான். ஏப்ரல் 13 அன்று ஈரான் இஸ்ரேல் மேல் ஏவுகணைகளை விட்டது அவரை அவசரப்படுத்தியது. ஆனால் அதைவிட முக்கியம், அவர் தன் ஊர்க்காரருக்குச் சொல்ல அவரிடம் வார்த்தை இருந்தது. உக்ரைனுக்கான பொருளாதார உதவியைக் கடனாக மாற்றினார்கள். ஒதுக்குகிற பணத்தில் பெரும்பகுதி அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கே போகிறது என்பதை எடுத்துச் சொன்னார்கள். பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டனில் பீரங்கிக் குண்டு வார்க்கிற தொழிலாளிக்கு அது வேலை. தன் மகன் கடற்படைக் கல்லூரியில் சேரப்போகிறான் என்று சொன்ன ஜான்சன், நம் பிள்ளைகளை அனுப்புவதைவிடக் குண்டுகளை அனுப்புவது மேல் என்று பேசினார். ராத்திரி ஏறிய நாலு விரல்கடைத் தண்ணீரைக் காட்டியதும் இந்த மாதிரிப் பேச்சுதான்.

ஆனால் அந்த ஆறு மாதத்துக்கு விலை இருந்தது. பீரங்கிக் குண்டு பற்றாக்குறை முற்றிய நேரத்தில், பிப்ரவரி 17 அன்று அவ்திவ்கா நகரை விட்டு உக்ரைன் படை பின்வாங்கியது. வாஷிங்டனில் ஒரு நாற்காலிக்காக நடந்த இழுபறிக்கு அங்கே பதுங்குகுழியில் இருந்தவன் உயிரைக் கொடுத்தான். அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கூட்டாளி நாடுகளுக்கு ஓட்டு இல்லை, சரி. ஓட்டு இருக்கிற கூட்டாளிக்கு என்ன நடக்கும்? அது நம் வீட்டுக் கதை. தமிழில் நாடுகள் சேர்ந்தாலும் கூட்டணிதான், கட்சிகள் சேர்ந்தாலும் கூட்டணிதான். 2013 மார்ச்சில் இலங்கை பற்றிய அமெரிக்கத் தீர்மானம் ஜெனீவாவில் வந்தபோது தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் தெருவில் இருந்தார்கள். தீர்மானத்தில் இனப்படுகொலை என்ற சொல்லும் சர்வதேச விசாரணையும் சேர வேண்டும் என்று கேட்டு, மார்ச் 19 அன்று திமுக 18 எம்.பி.க்களோடு மத்திய அரசிலிருந்து வெளியேறியது. இரண்டு நாள் கழித்து இந்தியா தீர்மானத்தை ஆதரித்து ஓட்டுப் போட்டது. கேட்ட திருத்தம் இல்லாமல். சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் வெளியிலிருந்து தாங்கியதால் அரசு விழவில்லை. ஆனால் அந்த நவம்பரில் கொழும்பில் காமன்வெல்த் மாநாடு நடந்தபோது மன்மோகன் சிங் போகவில்லை, வெளியுறவு அமைச்சரை அனுப்பினார். ஒரு பயணத்தை நிறுத்துகிற அளவுக்குத் தமிழ்நாட்டின் குரல் எட்டியது, கொள்கையை மாற்றுகிற அளவுக்கு எட்டவில்லை. இத்தனைக்கும் அது ஆட்சிக்குள்ளேயே இருந்த கட்சி. 2008-இல் அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து இடதுசாரிகள் ஆதரவை விலக்கியபோதும் அரசு 275க்கு 256 என்று தப்பியது, ஒப்பந்தம் அந்த அக்டோபரிலேயே கையெழுத்தானது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஹங்கேரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் உக்ரைனுக்கு 50 பில்லியன் யூரோ கொடுக்க 26 நாடுகள் சம்மதித்த பிறகும் 2023 டிசம்பரில் ஹங்கேரியின் அப்போதைய பிரதமர் ஆர்பன் ஒருவர் தடுத்து நிறுத்தினார். 2024 பிப்ரவரி 1 அன்றுதான் இறங்கி வந்தார். அந்தப் பணத்துக்கு எல்லாருடைய சம்மதமும் வேண்டும் என்பது அங்கே விதி. அவருடைய நாடு சின்னது, ஆனால் அந்தப் பூட்டின் சாவிகளில் ஒன்று அவர் கையில் இருந்தது.

ஐரோப்பிய நாடுகளும் இதைப் புரிந்துகொண்டன என்றுதான் தெரிகிறது. 2025 ஜூலையில் ஒரு புது ஏற்பாடு வந்தது: நேட்டோ நாடுகள் தங்கள் பணத்தில் அமெரிக்க ஆயுதங்களை வாங்கி உக்ரைனுக்குக் கொடுப்பது. தங்கள் பையிலிருந்து கொடுப்பதால் வாஷிங்டன் ஓட்டெடுப்புக்காக அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த அக்டோபரில் தொடங்கி அமெரிக்க அரசே பட்ஜெட் சண்டையில் 43 நாள் முடங்கிக் கிடந்தது. அதையும் கணக்கில் வைத்துப் பார்த்தால் அவர்கள் செய்தது சரியென்றே படுகிறது.

ஒன்றுதான் எனக்கு மனசு ஒப்பவில்லை. ராணுவத்துக்குக் கூடுதலாகச் செலவழியுங்கள் என்று கூட்டாளிகளை அமெரிக்கா நச்சரித்தது எங்கே வேலை செய்தது என்று பார்த்தால், பிரிட்டனில். 2025 பிப்ரவரி 25 அன்று பிரதமர் ஸ்டார்மர் ராணுவச் செலவை நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்துக்கு உயர்த்துவதாக அறிவித்தார். அந்தப் பணத்தை எடுத்த இடம், ஏழை நாடுகளுக்கான உதவி. தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்தது 2027-க்குள் 0.3 ஆகிறது. அந்தத் துறையின் அமைச்சர் மூன்றே நாளில் பதவி விலகினார். லண்டனில் ஓட்டு இல்லாதவர்களின் பங்கிலிருந்துதான் அது எடுக்கப்பட்டது. இதைப் பற்றி யாராவது தனியாகக் கேள்வி போட்டால், தெரிந்ததை எழுதுகிறேன்.