மேட்டில் கூடாரம், பள்ளத்தில் தண்ணீர்

கேள்வி: இண்டியானாவில் கொலம்பஸ் நகரத்தில் வேலை பார்க்கிறேன். அக்டோபர் நடுவில் ஹூசியர் நேஷனல் ஃபாரஸ்டின் டீம் வில்டர்னஸ் பகுதிக்குள் நடந்துபோய் இரண்டு இரவு தங்க ஆசை. நான், மனைவி, ஒன்பது வயது மகன். இதுவரை ஸ்டேட் பார்க் கேம்ப்கிரவுண்டில் மட்டும்தான் தங்கியிருக்கிறோம். எவ்வளவு தேடியும் இடத்தை புக் பண்ணும் பக்கமே கிடைக்கவில்லை அண்ணா. கூடாரத்தை எங்கே போடுவது? தண்ணீருக்கு என்ன செய்வது? கரடி வருமா? நாங்கள் சுத்த சைவம்.

பதில்: புக் பண்ணும் பக்கம் கிடைக்காததற்கு உங்கள் தேடலில் குறை இல்லை, அப்படி ஒன்றே கிடையாது. நேஷனல் பார்க் வேறு, நேஷனல் ஃபாரஸ்ட் வேறு. பின்னது அமெரிக்க வேளாண்மைத் துறைக்குக் கீழே உள்ள வனப் பணித்துறையின் நிலம். மரம் வெட்டுவார்கள், வேட்டைக்கு விடுவார்கள், குதிரை விடுவார்கள். அதே தாராளத்தில் உங்களையும் காட்டுக்குள் தங்க விடுவார்கள். கட்டணம் இல்லை, அனுமதிச் சீட்டு இல்லை. ஒரே இடத்தில் 14 நாள் வரை இருக்கலாம். பதிலுக்கு அவர்களும் ஒன்றும் தர மாட்டார்கள்: குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, குப்பைத் தொட்டி இல்லை, மேசை இல்லை. இதைத்தான் டிஸ்பெர்ஸ்ட் கேம்பிங் என்கிறார்கள்.

டீம் வில்டர்னஸ் சுமார் 13,000 ஏக்கர். 1982-இல் சட்டப்படி வில்டர்னஸ், அதாவது இயற்கையின் போக்கிலேயே விட்டுவைக்கும் காடு, ஆக்கப்பட்டது. இண்டியானாவின் முதல் மாநில வன அதிகாரி சார்ல்ஸ் டீமின் பெயரைத் தாங்கியிருக்கிறது. உள்ளே வண்டி கிடையாது, சைக்கிளும் கிடையாது. கூடாரம் போடுவதில் நீங்கள் மனத்தில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான். நடைதடம், ஓடை, குளம், ஏரி எதுவானாலும் அதிலிருந்து 100 அடியாவது தள்ளிப் போட வேண்டும். அதிகாரிகளே குறித்து வைத்த இடம் என்றால் மட்டும் விலக்கு. நூறடி என்பது என் நடையில் நாற்பது எட்டு. மகனை எண்ணச் சொல்லுங்கள், அவன் கணக்குக்கு அறுபது வரும்.

இடத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் இந்தக் காட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் தண்ணீருக்குத்தான். மலை என்று சொன்னாலும் ஆயிரம் அடி உயரம்கூட வராத முகடுகள். நீலகிரியை நினைத்துக்கொண்டு வந்தால் சிரிப்பீர்கள். ஆனால் முகடும் பள்ளமும் மாறி மாறிக் கை விரல்களைப் போலக் கிடக்கும். நடைதடங்களும் சமதளமும் பெரும்பாலும் முகட்டின் மேல். தண்ணீர் பள்ளத்தில். படுக்க வசதியான இடமும் குடிக்கத் தண்ணீரும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம்.

இதை நான் கற்ற விதம் கொஞ்சம் அசிங்கமானது. ஒரு செப்டம்பர் கடைசி. வரைபடத்தில் முகட்டுக்குக் கீழே அழகாக ஒரு நீலக்கோடு ஓடியது. சாயங்காலம் இறங்கிப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு லிட்டர் மட்டும் தூக்கிக்கொண்டு போனோம். இறங்கிப் பார்த்தால் வெறும் கூழாங்கல். கல்லைப் புரட்டினால் அடியிலும் ஈரம் இல்லை. அன்று ராத்திரி ஆளுக்கு நாலு மடக்கு, சமையல் இல்லை. வேர்க்கடலையை மென்றுவிட்டு நாக்கு ஒட்டிக்கொள்ளப் படுத்தோம். வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அந்த நீலக்கோடு முழுக்கோடு இல்லை, கோடும் புள்ளியுமாக விட்டு விட்டு ஓடியிருந்தது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் வரைபடங்களில் முழு நீலக்கோடு என்றால் ஆண்டு முழுக்க ஓடும் நீர். விட்டு விட்டு வரைந்திருந்தால் மழைக்காலத்தில் மட்டும் ஓடுவது. டீம் காட்டு ஓடைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் ரகம். மார்ச், ஏப்ரலில் சலசலவென்று ஓடும். நீங்கள் போகும் அக்டோபரில் நம்பவே கூடாது.

அப்படியானால் நம்பத் தகுந்தது எது? மன்ரோ ஏரி ஒன்று. இண்டியானாவுக்குள்ளேயே முழுதாக அடங்கிய மிகப் பெரிய ஏரி, காட்டின் ஒரு பக்கமே அதன் கரைதான். பெனின்சுலா தடம் கரை வரை இறங்கும். வார இறுதியில் அங்கே கூட்டமும் படகுச் சத்தமும் இருக்கும், ஆனால் வறளாது. ஒரு எச்சரிக்கை: வெயில் காலத்திலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் இந்த ஏரியில் நீலப்பச்சைப் பாசி பெருகுவது உண்டு. பச்சைப் பெயின்டைக் கொட்டினாற்போல மேலே படலம் இருந்தால் அதைத் தொடாதீர்கள். ஃபில்டர் கிருமியைப் பிடிக்கும், பாசியின் நச்சைப் பிடிக்காது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. கிளம்பும் முன் மாநில இயற்கை வளத் துறை அறிவிப்பு ஏதும் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முகட்டில் அங்கங்கே சின்னக் குட்டைகளும் உண்டு. தண்ணீர் காபி நிறத்தில் இருக்கும். பையில் நிரப்பி அப்படியே ஃபில்டர் வழியாகப் பிழிந்தால் ஃபில்டர் அரை லிட்டரில் அடைத்துக்கொள்ளும். நான் நாலாக மடித்த பழைய வேட்டித் துணியில் முதலில் வடிகட்டிவிட்டுத்தான் ஃபில்டரைத் தொடுவேன். கடையில் விற்கும் முன்வடிகட்டிகள் எதுவும் அதைவிட நன்றாக வேலை செய்து நான் பார்க்கவில்லை. ஃபில்டர் இல்லாமல் போனால் தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆக வேண்டும். இந்த உயரத்துக்கு அது போதும். இன்னொன்று, இப்படிப் பிழிந்து வடிக்கும் நுண்குழல் ஃபில்டரை ஒருமுறை நனைத்த பிறகு உறைய விடக் கூடாது. உறைந்தால் உள்ளே விரிசல் விழும், வெளியே தெரியாது. குளிர் அதிகம் என்று தோன்றினால் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் கூடவே வைத்துத் தூங்குங்கள்.

அளவு: சமையலோடு சேர்த்து மூன்று பேருக்கு ஒரு இரவும் மறுநாள் காலையும் ஓட ஏழெட்டு லிட்டர் வேண்டும். லிட்டருக்கு ஒரு கிலோ. அதனால் நாள் முழுக்கச் சுமக்காமல், மதியம் மூன்று மணி வாக்கில் கடைசி நீர்நிலையில் எல்லாப் பைகளையும் நிரப்பிக்கொண்டு மேலே ஏறுங்கள். நாலரைக்குள் கூடாரம் நின்றுவிட வேண்டும். அக்டோபர் நடுவில் ஏழு மணி சுமாருக்குச் சூரியன் விழும், ஓக் மரங்களுக்குள் அதற்கு முன்பே மசங்கிவிடும்.

முதல் தடவை, அதுவும் பையனோடு என்பதால் இரண்டு இரவும் ஒரே இடத்தில் தங்குங்கள் என்பேன். கூடாரத்தை அங்கேயே விட்டுவிட்டு, இரண்டாம் நாள் சின்னப் பையோடு சுற்றி வரலாம். தினமும் மூட்டை கட்டி அவிழ்ப்பதில் பாதி நாள் போய்விடும். பையன் தன் ஸ்லீப்பிங் பேக்கும் ஒரு ஸ்வெட்டரும் தூக்கினால் போதும்.

இனி கூடாரம். மேலே பாருங்கள், பிறகு கீழே பாருங்கள். மேலே பார்ப்பது பட்ட மரத்துக்காக. எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு 2002-இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டது. 2004-இல் இண்டியானாவுக்குள் வந்தது. இன்று இந்தக் காடுகளில் செத்து நிற்கும் ஆஷ் மரங்கள் ஏராளம். மரங்கொத்தி பட்டையை உரித்துப்போட்டு வெளிறிய திட்டுகளாகத் தெரியும், உச்சியில் குச்சி குச்சியாக மொட்டைக் கிளைகள். காற்றே இல்லாமல்கூட முறியும். அதன் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப் போய்விடுங்கள். இதே வண்டின் காரணமாகத்தான் வீட்டிலிருந்து விறகு கொண்டுபோகக் கூடாது என்கிறார்கள். விறகுக்குள் ஒளிந்துதான் அது ஊர் விட்டு ஊர் போகிறது. நெருப்பு மூட்ட ஆசையென்றால், ஏற்கெனவே எரித்த தடம் உள்ள இடத்தில், தரையில் விழுந்து காய்ந்த, மணிக்கட்டு அளவு தடிமனுள்ள சுள்ளியை வைத்து மூட்டுங்கள். படுக்கும் முன் தண்ணீர் ஊற்றி, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்து, சுடவில்லை என்றால்தான் அணைந்தது. சமையலுக்கு கேஸ் அடுப்புதான்.

கீழே பார்ப்பது நீர்த்தடத்துக்காக. சருகெல்லாம் ஒரே திசையில் சீவிவிட்டாற்போலப் படிந்திருந்தால் மழை பெய்தால் அங்கேதான் தண்ணீர் வரும். பள்ளத்தின் அடி மெத்தென்று சமமாக இருக்கும், ஆளை இழுக்கும். ராத்திரி குளிர்காற்று முழுக்க வழிந்து அங்கேதான் தேங்கும். காலையில் கூடாரத்தின் உள்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். முகட்டுக்குச் சற்றுக் கீழே, சரிவில் படிக்கட்டு வைத்தாற்போல ஒரு சமதளம் கிடைக்கும் பாருங்கள், அதுதான் என் விருப்பம். முன்பு யாரோ தங்கி மண் இறுகிய இடம் அங்கே இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், புதிதாகப் புல்லை மிதிக்க வேண்டாம். கொஞ்சம் சரிவு இருந்தே தீரும், தலையை மேட்டுப் பக்கம் வையுங்கள்.

குளிரைப் பற்றி நம்மவர்கள் செய்யும் தவறு, போர்வைக்குக் காசைக் கொட்டிவிட்டு அடியில் விரிப்பதில் மிச்சம் பிடிப்பது. உடம்பின் எடையில் ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடும். பிறகு சூட்டைத் தரை உறிஞ்சும். அடியில் விரிக்கும் மெத்தையில், சூடு தரைக்குப் போகாமல் எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்ட ஆர் மதிப்பு என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். அக்டோபருக்கு மூன்றுக்குக் குறையாமல் வாங்குங்கள்.

கரடி? இண்டியானாவில் குடியிருக்கும் கரடிக் கூட்டம் இல்லை. எப்போதாவது பக்கத்து மாநிலத்திலிருந்து ஒன்று வழிதவறி வந்தால் அது செய்தியாகிவிடும். உங்கள் எதிரி ரக்கூன். கைவிரல்கள் உள்ள பிராணி, ஜிப்பைத் திறக்கும். சாப்பாட்டை, பற்பசை உட்பட, ஒரே பையில் போட்டுக் கயிற்றில் உயரக் கட்டுங்கள். கூடாரத்துக்குள் ஒரு முறுக்குகூட வேண்டாம்.

சைவமாக இருப்பது இதில் வசதிதான். முதல் நாள் ராத்திரிக்கு வீட்டிலிருந்தே புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள். அதற்குத்தானே பாட்டிமார் கட்டுச்சோறு கண்டுபிடித்தது. காலைக்குக் கெட்டி அவல். கடுகு, வறுமிளகாய், பெருங்காயம், வேர்க்கடலை எல்லாம் வீட்டிலேயே தாளித்து உப்போடு அவலில் கலந்து பையில் போட்டுவிட்டால், அங்கே வெந்நீர் ஊற்றி மூடி வைப்பதுதான் வேலை. பாத்திரம் தேய்க்கும் தண்ணீரும் மிச்சம். இரண்டாம் இரவுக்கு வறுத்த ரவையும் பருப்புப்பொடியும். தயிரை மட்டும் மறந்துவிடுங்கள்.

கழிப்பறை விஷயத்தில் கூச்சம் வேண்டாம். தண்ணீர், தடம், கூடாரம் மூன்றிலிருந்தும் 200 அடி தள்ளி, சின்னக் கொத்துக் கரண்டியால் ஆறு முதல் எட்டு அங்குல ஆழம் தோண்டி, முடிந்ததும் அதே மண்ணைப் போட்டு மூடுங்கள். காகிதத்தைப் புதைக்காமல் ஜிப் பையில் திருப்பிக் கொண்டுவாருங்கள். நம் வழக்கப்படி தண்ணீர் பயன்படுத்தினால் அந்தச் சுமையும் இல்லை. மூடியில் துளையிட்ட அரை லிட்டர் பாட்டில் போதும். அந்தத் தண்ணீரை மேலே சொன்ன கணக்கோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் வில் அம்பு மான் வேட்டை நடக்கும். துப்பாக்கிக் காலம் நவம்பர் நடுவில் தொடங்கும், அப்போது குழந்தையோடு போகவே வேண்டாம். உங்கள் தேதிக்கு மூவரும் வேட்டைக்காரர் அணியும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுச் சட்டையோ தொப்பியோ போடுங்கள். என் நண்பர் ஒருவர் காவித் துண்டு போதுமே என்றார். காய்ந்த இலையும் காவியும் இருபது அடிக்கு அப்பால் ஒரே நிறம்.

போன் சிக்னலை எதிர்பார்க்காதீர்கள். வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள், காகித வரைபடம் ஒன்றும் கையில் இருக்கட்டும். எந்தத் தடம், எப்போது திரும்புவோம், வண்டி எங்கே நிற்கும் என்பதை ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். தடங்களின் தற்போதைய நிலையை பெட்ஃபோர்டில் உள்ள வன அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் சொல்வார்கள். ஹிக்கரி ரிட்ஜ் கோபுரத்தடியில் வண்டியை நிறுத்தி டெரில் ரிட்ஜ் தடத்தில் கிளம்பலாம். 1930-களில் தீயைக் கண்காணிக்கக் கட்டிய 110 அடி இரும்புக் கோபுரம் அது. பையனை மேலே கூட்டிப் போய், தங்கப்போகும் முகட்டையும் இடையில் உள்ள பள்ளங்களையும் காட்டுங்கள். வழியில் பழைய கல்லறைகளும் வீட்டு அடித்தளக் கற்களும் தென்படும். இது ஆதிகாலக் காடு இல்லை. விளைச்சல் செத்துப்போன பண்ணை நிலங்களை 1930-களிலிருந்து அரசு வாங்கி மரம் வளர விட்ட இடம்.

பாம்பைவிட உண்ணிக்குத்தான் நான் பயப்படுவேன். மான் உண்ணியின் முதிர்ந்த பருவம் இலையுதிர் காலத்தில்தான் சுறுசுறுப்பாகத் திரியும், குளிர் வந்துவிட்டது என்று அசந்துவிடாதீர்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் காலணி, காலுறை, பேன்ட் மீது பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்துக் காய வையுங்கள். உடம்பில் பூசுவதற்கு அது இல்லை, வீட்டில் பூனை இருந்தால் காயும் வரை அண்ட விடாதீர்கள். பேன்ட் நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள், பார்க்க சர்க்கஸ்காரர் மாதிரி இருந்தாலும். லோன் ஸ்டார் என்ற இன்னொரு உண்ணி கடித்துச் சிலருக்கு இறைச்சி ஒவ்வாமை வருகிறது. சைவம்தானே என்று இருந்துவிட வேண்டாம், அதில் சிலருக்குப் பாலும் ஒத்துக்கொள்ளாமல் போகிறது.

வீடு திரும்பியதும் உடுப்புகளை முதலில் வாஷிங் மெஷினில் போடாதீர்கள். உண்ணி தண்ணீரில் சாகாது. காய்ந்த துணியோடு நேராக டிரையரில் போட்டு, அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓட விட்டு, பிறகு துவையுங்கள். அதற்குள் மூவரும் குளித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளுங்கள்: அக்குள், முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால். பையனுக்குத் தலைமுடிக்குள் சீப்பு வைத்துப் பாருங்கள். எள் அளவு கறுப்பாக ஒன்று ஒட்டியிருந்தால் எண்ணெய் தேய்க்காமல், நெருப்புக் காட்டாமல், கூர்முனை ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். அன்றைய தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள்.