நாஷ்வில் போக நினைக்கும் மகளும் நர்சிங் படித்த நயோமியும்

வணக்கம் அம்மா,

பள்ளியின் கடைசி ஆண்டில் இருக்கும் உங்கள் மகளும் அவளுடைய தோழியும் சேர்ந்து ஹூஸ்டன் பக்கத்துச் சின்ன மேடைகளில் அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரி பாடுகிறார்கள். இப்போது கல்லூரியே வேண்டாம், கன்ட்ரி இசைத் துறையின் மையமான நாஷ்வில்லுக்கு நேரே போகிறோம் என்கிறார்கள். "ஜட்ஸ் என்ன டிகிரி வாங்கிவிட்டா பாட வந்தார்கள்?" என்று மகள் கேட்டதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை என எழுதியிருக்கிறீர்கள்.

அதற்குப் பதில் உண்டு. ஜட்ஸ் என்பது நயோமி ஜட், அவருடைய மகள் வைனோனா என்ற தாய்-மகள் கன்ட்ரி ஜோடி. அதில் தாய் நயோமி நர்சிங் படித்துவிட்டுத்தான் வந்தார்.

கென்டக்கி மாநிலத்து ஆஷ்லண்டில் பிறந்தவர் நயோமி. 18 வயதில் மூத்த மகள் வைனோனாவைப் பெற்றார். விவாகரத்துக்குப் பிறகு இரண்டு பெண்களைத் தனியாக வளர்த்தபடியே கலிபோர்னியாவில் நர்சிங் முடித்தார். 1979-ல் நாஷ்வில் பக்கம் குடிவந்ததும், அங்கே ஃபிராங்க்ளின் ஊர் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அந்தச் சம்பளம்தான். தாயும் மகளும் வீட்டில் மலிவான டேப் ரெக்கார்டரில் பாடிப் பதிவு செய்தார்கள். கார் விபத்தில் அடிபட்டு அந்த மருத்துவமனைக்கு வந்த ஒரு பெண்ணை நயோமி கவனித்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் அப்பா பிரென்ட் மேஹர் ஓர் இசைத் தயாரிப்பாளர். நயோமி கொடுத்த டேப் அவர் கைக்குப் போய், 1983-ல் இசை நிறுவன ஒப்பந்தம் வரை கொண்டு சேர்த்தது. அடுத்த ஆண்டே அவர்களுடைய இரண்டாவது பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. அப்போது நயோமிக்கு 38 வயது, வைனோனாவுக்கு 20.

இதை மகளிடம் சொல்லும்போது 'பார்த்தாயா, படிப்புதான் முக்கியம்' என்ற தொனியில் சொல்லிவிடாதீர்கள். இந்தக் கதை அவளுக்கு எதிரானது இல்லை. அவர்கள் நாஷ்வில் போனார்கள், ஜெயித்தார்கள். ஆனால் ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவு காலமும் தாக்குப்பிடிக்க ஒரு சம்பளம் இருந்தது. 'போகலாமா வேண்டாமா' என்பதை விட்டுவிட்டு, 'ஐந்து ஆண்டுகளுக்குச் செலவை எப்படிச் சமாளிக்கப் போகிறீர்கள்' என்று கேளுங்கள். அதைப் பற்றிச் சண்டை இல்லாமல் பேச முடியும்.

உங்கள் ஊர்ப் பக்கமே இன்னொரு கதை இருக்கிறது. மேடி அண்ட் டே ஜோடியில் மேடி ஷுகர் லேண்டில் வளர்ந்தவர், டே ஓக்லஹோமாக்காரர். பதினைந்து வயதுவாக்கில் சந்தித்த இருவரும் பள்ளி முடித்ததும் கல்லூரியைத் தவிர்த்துவிட்டு நாஷ்வில் போனார்கள். 2014-ல் அவர்களுடைய முதல் பாட்டே ரேடியோ பட்டியலில் முதலிடம். மகள் இவர்களைத்தான் அடுத்து எடுத்துக்காட்டுவாள். அதன் மிச்சத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2017-ல் அவர்களுடைய இசை நிறுவனம் மூடப்பட்டது. வேறு நிறுவனத்தில் சேர்ந்து மறுபடி முதலிடம் தொட 2020 ஆயிற்று. திறமை குறைந்ததால் வந்த இடைவெளி இல்லை அது. அந்த ஆண்டுகளைத் தாங்கிக் கடந்ததை நான் பெரிய சாதனையாகவே மதிக்கிறேன்.

வருமானத்தைப் பற்றிப் பெற்றோர் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. அமெரிக்காவில் சாதாரண ஏஎம், எஃப்எம் ரேடியோவில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்கும் பதிப்புரிமை வைத்திருப்பவருக்கும் பணம் போகும். பாடியவருக்கு ஒரு சென்ட் கூடப் போகாது. சாட்டிலைட் ரேடியோவும் இணைய ரேடியோவும்தான் பாடுகிறவருக்கும் தரும். ஜட்ஸின் முதல் நம்பர் ஒன் பாட்டை எழுதியவர் கென்னி ஓடெல், எனவே ரேடியோ வருமானம் அவர் பக்கம் போனது. பின்னாளில் 'லவ் கேன் பில்ட் எ பிரிட்ஜ்' பாட்டை எழுதியவர்களில் நயோமியும் ஒருவர். அதற்குக் கிராமி கிடைத்தது, எழுதியவருக்கான பங்கும் வந்தது. ஆகவே உங்கள் மகளுக்கு என் முதல் அறிவுரை, பாட்டு எழுதப் பழகு என்பதுதான். குரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

அப்புறம், ஜோடியாகப் பாடுவதில் உள்ள சிக்கல். நயோமிக்கு 1990-ல் ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் தொற்று இருப்பது தெரிந்தது. நர்ஸ் வேலையில் ஊசி குத்தித் தொற்றியிருக்கலாம் என்று நம்பினார். 14 நம்பர் ஒன் பாடல்கள் கொடுத்து உச்சத்தில் இருந்த ஜோடி, 1991 டிசம்பரில் நாஷ்வில் பக்கத்து மர்ஃப்ரீஸ்பரோவில் விடைபெறும் கச்சேரி நடத்தியது. ஒருவர் உடம்பு முடியாமல் போனால் இருவருடைய வேலையும் நின்றுவிடுகிறது. வைனோனாவால் 1992-லேயே தனியாக ஆல்பம் வெளியிட்டு வெற்றி பெற முடிந்ததற்குக் காரணம், முதலிலிருந்தே முன்குரல், அதாவது பாட்டை முன்னின்று பாடும் முதன்மைக் குரல், அவருடையதாக இருந்ததுதான். உங்கள் மகள் முன்குரலா, அதற்குத் துணையாகச் சேர்ந்து ஒலிக்கும் ஹார்மனியா? ஹார்மனி மட்டும் என்றால் தனியாக முழுப் பாட்டையும் மேடையில் நடத்த இப்போதே பழக வேண்டும். ஜோடியின் பெயர் யாருக்குச் சொந்தம், பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு, ஒருவர் விலகினால் என்ன என்பதை இசைத்துறை வழக்கறிஞரை வைத்து எழுதிவிடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதுதான் இதை எழுத முடியும்.

நயோமி மனச்சோர்வால் பல ஆண்டுகள் அவதிப்பட்டதை வெளிப்படையாகவே பேசியவர். 2022 ஏப்ரல் 30 அன்று காலமானார். மறுநாள், கன்ட்ரி இசையின் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் இருவரும் சேர்க்கப்பட்டார்கள். இத்தனை புகழும் ஒருவருடைய மனதைக் காப்பாற்றிவிடுவதில்லை. மகள் எந்த ஊருக்குப் போனாலும் மனம் தளர்ந்தால் தயங்காமல் உங்களிடம் சொல்லும்படி வீட்டில் இடம் வைத்திருங்கள். இதைத்தான் நான் மிகவும் அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

படிப்பு விஷயத்தில் இரண்டு வழிகள் எனக்குச் சரியாகப் படுகின்றன. நாஷ்வில்லின் பெல்மான்ட் பல்கலைக்கழகத்தில் பாடல் எழுதுதலும் இசை வணிகமும் பட்டப்படிப்பாகவே உண்டு, ஆனால் தனியார், செலவு அதிகம். ஜட்ஸின் அந்த விடைபெறும் கச்சேரி நடந்த மிடில் டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகம் அரசுடையது, இசைப் பதிவுத் துறை அங்கே பெரிது. டெக்சாஸ்காரர்களுக்கு வெளிமாநிலக் கட்டணம் என்பதால் உதவித்தொகை போக எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பட்டப்படிப்பே இப்போது வேண்டாம் என்றால், ஏற்கெனவே இடம் கொடுத்த கல்லூரியில் சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா, உதவித்தொகை அப்படியே நிற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த ஓராண்டு நாஷ்வில்லில் இருக்கட்டும், பகுதிநேர வேலையோடு.

அடுத்த ஆலோசனைக்கு மகள், தோழி, தோழியின் பெற்றோர் எல்லாரும் வாருங்கள். அதற்கு முன் இரண்டு பெண்களும் சொந்தமாக எழுதி முடித்த பாடல்களின் பட்டியலையும், ஒவ்வொன்றிலும் யார் எதை எழுதினார்கள் என்பதையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.