ஒரே மாநிலம், ஒரே நிதியாண்டு, இரண்டு தேசிய நாளிதழ்களில் இரண்டு பற்றாக்குறை எண்

ஒரு மாநிலத்தின் 2024-25 நிதிப் பற்றாக்குறைக்கு (அரசு கடன் வாங்கி நிரப்ப வேண்டிய மொத்த இடைவெளிக்கு) இரண்டு நாளிதழ்கள் இரண்டு எண் போட்டிருக்கின்றன, எது சரி என்று கேட்கிறீர்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம். ஒன்று வரவு செலவுத் திட்ட மதிப்பீடாகவும் (பட்ஜெட் போடும்போதே சொன்ன கணிப்பு) மற்றொன்று திருத்த மதிப்பீடாகவும் (அடுத்த பட்ஜெட்டின்போது மாற்றிச் சொன்ன கணிப்பு) இருக்க வாய்ப்பு அதிகம். செய்தியின் உள்ளே எந்த மதிப்பீடு என்று சொல்லும் சொல் இருக்கும். தலைப்பு போடும் மேசையில் இடம் பத்தாமல் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்!

மாநில நிதித்துறை இணையதளத்தில் 2025-26 பட்ஜெட் ஆவணத்தைத் திறந்து சுருக்க அட்டவணைக்குப் போங்கள். நான்கு பத்திகள் இருக்கும்: 2023-24 கணக்கு, 2024-25 மதிப்பீடு, 2024-25 திருத்த மதிப்பீடு, 2025-26 மதிப்பீடு. நீங்கள் படித்த எண்கள் எந்தப் பத்திகளில் உட்காருகின்றன என்று பாருங்கள். 2024-25இன் இறுதிக் கணக்கு அதற்கடுத்த பட்ஜெட்டில்தான் வரும்.

எதிலும் பொருந்தவில்லையா? வருவாய்ப் பற்றாக்குறையை (அன்றாடச் செலவு வருவாயைத் தாண்டும் தொகையை) வெறும் "பற்றாக்குறை" என்று எழுதியிருப்பார்கள். இல்லையென்றால் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜி மாதந்தோறும் வெளியிடும் கணக்கிலிருந்து எடுத்திருப்பார்கள். அது தணிக்கை முடியாத எண்.

ஒரு எச்சரிக்கை: சதவீதத்தை வைத்து ஒப்பிடாதீர்கள், ரூபாயை வைத்து ஒப்பிடுங்கள். பற்றாக்குறைச் சதவீதம் மாநில மொத்த உள்நாட்டு உற்பத்தியில் கணக்கிடப்படுவது; அந்த உற்பத்தி மதிப்பே பின்னால் திருத்தப்படும் என்பதால், கடன் வாங்கிய தொகை ஒரு ரூபாய்கூட மாறாமல் சதவீதம் மட்டும் நகர்ந்துவிடும். வழக்கமான 3 சதவீத வரம்பைத் தாண்டியதா இல்லையா என்ற சண்டை இதனாலும் வரும்.