72 வயது அம்மா மெலிந்துகொண்டே போகிறார்: வயதுதான் காரணமா?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் தனியாக இருக்கும் அம்மா மெலிந்து, நடையும் தளர்ந்துவிட்டது என்கிறீர்கள். வயது மட்டும் காரணமில்லை. உடல் வலு வற்றி எளிதில் தளர்ந்துபோகும் நிலையை ‘நலிவு’ (frailty) என்பார்கள். அதைக் கண்டறிய 2001இல் அமெரிக்க முதியோர் மருத்துவர் லிண்டா ஃப்ரீட் குழு வகுத்த அளவுகோலில் ஐந்து அடையாளங்கள்: தானாக எடை குறைவது (ஓராண்டில் சுமார் 4.5 கிலோ), ஓயாத அசதி, கைப்பிடி தளர்வது, மெதுநடை, நடமாட்டம் சுருங்குவது. மூன்று இருந்தால் நலிவு. ஒன்றிரண்டு என்றால் அதன் வாசற்படி.

பெண்களுக்குத் தசை இருப்பே குறைவு; மாதவிடாய் நின்றபின் இன்னும் கரையும். நீரிழிவு, மனச்சோர்வு, தனிமை, ஏகப்பட்ட மாத்திரைகளும் சேர்ந்து தள்ளும். நான் முதலில் சந்தேகப்படுவது சாப்பாட்டைத்தான். பிள்ளைகள் வந்தால் மீன்குழம்பு, தனக்கென்றால் ரசஞ்சோறு! தசைக்கு வேண்டிய புரதத்துக்கு முட்டை, நெத்திலி, தெம்பே (புளிக்கவைத்த சோயா), பருப்பு என்று தினமும் ஏதாவது சேரட்டும். அப்புறம், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி. எடைக் குறைவை மட்டும் தள்ளிப்போடாமல் கிளினிக்கில் காட்டுங்கள். தைராய்டு, சர்க்கரைகூடக் காரணமாக இருக்கலாம்.