கொழும்புக்குச் சின்னம் மாமரமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: முந்தி கொழும்புக்கு மாமரம்தான் சின்னம் எண்டு சொல்றாங்களே, உண்மையா? அது பிறகு எங்க போச்சு?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: உண்மைதான் தங்கச்சி. ஒல்லாந்தர் காலத்துச் சின்னத்துல இலை அடர்ந்த மாமரம், கூட ஒரு புறா. மரத்துக்குக் கதை சொன்னவர் ரொபர்ட் நொக்ஸ், கண்டி ராச்சியத்துல 19 வருசம் பிடிபட்டுக் கிடந்த வெள்ளைக்காரர், இங்க காய்க்காத மாமரம் ஒண்டு நிண்டிச்சாம், வெறும் இலைதானாம், சிங்களத்துல கொல எண்டா இலை, அம்ப எண்டா மா, அப்பிடித்தான் ஊருக்கு இந்தப் பேர் எண்டு 1681ல வந்த புத்தகத்துல எழுதி வச்சிருக்கார். பிறகு கொலம்பஸ் நினைவா கிறிஸ்தவங்க பேரைக் கொஞ்சம் மாத்தினதாயும் சொல்றார், அதை நான் நம்பமாட்டன், 14ம் நூற்றாண்டுல வந்த அரபுப் பயணி இபுனு பதூதாவே கலன்பு எண்டுதானே எழுதியிருக்கார், அப்ப கொலம்பஸ் பிறக்கவே இல்ல! புறாவும் பேர் விளையாட்டுதான், லத்தீன்ல கொலும்பா எண்டா புறா.

கொழும்புக்கு மட்டுமில்ல, யாழ்ப்பாணத்துக்குப் பனை, காலிக்குச் சேவல். காலிக் கோட்டைப் பழைய வாசலுக்குப் போனா உள்பக்கம் 1669ம் ஆண்டு போட்ட ஒல்லாந்தக் கம்பனி முத்திரை, ரெண்டு பக்கமும் சிங்கம், மேல சேவல் எல்லாம் அப்பிடியே இருக்கு, வெளிப்பக்கம் வந்து பாத்தா பிரித்தானிய அரச சின்னம். ஆள் மாறினோண்ண வாசலையும் மாத்திட்டாங்க, ஆனா உள்ள இருந்ததை உடைக்கல்ல, அந்த மட்டுக்கும் நல்லது. நம்ம கொழும்பை 1796ல பிரித்தானியர் பிடிச்சாங்க, 1870 அளவுல கோட்டை மதிலையே இடிச்சுத் தள்ளிட்டாங்க, அதால இங்க கோட்டையில கொஞ்ச மிச்சம்தான் நிக்குது. எனக்கெண்டா நாட்டு இலச்சினையில இருக்கிற வாள், சிங்கத்தை விட மாமரம்தான் பிடிச்சிருக்கு.

கேள்வி: பாஸ்போட்ல இருக்கிற அரச இலச்சினையில முந்தி தமிழ் எழுத்து இருந்திச்சு எண்டு அப்பா சொல்றார், சரியா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: அப்பா சொன்னது சரி தம்பி. 1954 இலச்சினையில வாள் பிடிச்ச சிங்கம், சுத்திவர தாமரை இதழ், உச்சியில கிரீடம், அடியில ரிபன்ல மூணு மொழியிலயும் நாட்டோட பேர். 1972ல குடியரசானோண்ண கிரீடத்தோட ரிபனும் போச்சு. கிரீடம் இருந்த இடத்துக்குத் தர்மச்சக்கரம் வந்திச்சு, கீழ நிறைகுடம், நெற்கதிர், சூரியன், சந்திரன். கிரீடம் போனது விளங்குது, ரிபன் என்ன பாவம் செஞ்சிச்சு? பழைய இலச்சினையைப் பாக்க ஆசையெண்டா பழைய நோட்டு சேர்க்கிற ஆக்கள்ட்ட கேளுங்க, 1956ல ராணி படத்தை எடுத்துட்டு அதைத்தான் ரூபா நோட்டுல போட்டாங்க.